நாலு வீட்டுக்கும் ஒரே ரிமோட்

கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருஷம் எங்கள் வீட்டுக்கு ரிமோட்டாக இருந்தது நான்தான்.

என் வீட்டுக்காரர் ஆரணியில் பட்டு நெய்பவர். எங்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். காலுக்குக் கீழே மிதி, தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, வயிற்றுக்கு முன்னால் நெய்த துணி. ஒரு தடவை இறங்கி உட்கார்ந்துவிட்டால் வெளியே வருவது லேசுப்பட்ட காரியமில்லை. சுவிட்ச் போர்டோ வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. அதை அங்கே வைத்த எலக்ட்ரீஷியனை நான் திட்டாத நாளில்லை.

மேகம் மூடினால், "இந்தா, லைட்டு!" வெயில் வந்துவிட்டால் மறுபடியும், "இந்தா, லைட்டு!" தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடும்வரை காற்று ஆகாது, நுனி பறக்கும். "இந்தா, ஃபேனு!" முடிச்சுப் போட்டு முடித்ததும் வேர்க்கும். "இந்தா, ஃபேனு!" அடுப்பில் பால் இருந்தாலும் சரி, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் எழுந்து போக வேண்டும். ஒரு நாள் பொறுக்காமல் சமையலறைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணினேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று கோடு. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"சொவத்துல இன்னாத்துக்குக் கிறுக்கி வெச்சிக்கிற? சுண்ணாம்பு அடிச்சி ஆறு மாசம்கூட ஆவல" என்றார்.

அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் பெரணமல்லூரிலிருந்து திரும்பும்போது மொபெட் சறுக்கி வலது முழங்கால் போயிற்று. எலும்பு கூடியது, மடக்கம் கூடவில்லை. குழிக்குள் உட்கார்ந்து மிதிப்பதில் தொந்தரவில்லை, ஏறி இறங்குவதில்தான் எல்லாம். இரண்டு கையாலும் தறிக்கட்டையைப் பிடித்து, உடம்பைத் தூக்கி, அந்தக் காலைக் கடைசியாக இழுத்து வெளியே போடுவார். அப்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட கோபமும் இறங்கிவிடும். எனக்கும் இறங்கிவிடும். பத்து நிமிஷத்தில் திரும்ப ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

மாமியார் வீட்டிலேயே இருந்தார். ஆனால் அவருக்குக் காது மந்தம். "லைட்டு" என்றால் தட்டு எடுத்து வருவார். எங்கள் பெண் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஆகவே வேலை என் தலையில்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு தொழில் இருந்தது. டிசைன் கடையில் அட்டை அடிப்பேன். புடவையில் வரும் பூ, அன்னம், கோபுரம் எல்லாம் முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் வரும். அதை ஒவ்வொரு வரியாகப் படித்து, கெட்டி அட்டையில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அந்த அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் தறியில் பூ விழும். ஒரு ஓட்டை தப்பினால் அன்னத்துக்கு மூக்கு போய்விடும். நான் அடித்த அட்டையில் மூக்கில்லாத அன்னம் வந்ததே கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்றும் படித்தேன். அது தற்செயல். அம்மா என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போனாள். இடமில்லை என்றார்கள். வந்ததற்கு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, அதே கட்டடத்தின் மாடியில் நடந்த ரேடியோ டிவி மெக்கானிசம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள். ஒரு வருஷம் பதினேழு பையன்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. சால்டரிங் வைக்க எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அட்டையில் சின்ன ஓட்டையைப் பார்த்துப் பழகின கண், போர்டில் ஈயப் பொட்டைப் பார்க்காதா? கல்யாணம் ஆனதும் இரண்டு தொழிலும் பரணுக்குப் போயின.

எட்டாம் வருஷம் வைகாசியில், பழைய டிசைன் கடை முதலாளி வீடு தேடி வந்தார். அவரிடம் அட்டை அடிப்பவர் காஞ்சிபுரத்துக்குக் குடிபோகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார். காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்துவரை.

"தோ பாரும்மா, ஆடி வரைக்கும் எப்டியோ ஓட்டிக்கிறேன். ஆவணி மொதல் தேதி சீட்டுல ஆள் உக்காந்துகினு இருக்கணும். முகூர்த்த மாசம். நீ வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன், கோச்சிக்கக் கூடாது" என்றார்.

எனக்கு அப்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு கூடப் போய்விடலாம் போலிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "போயேன். எனக்கு இன்னா? லைட்டு ஃபேனு மட்டும்தான்..." என்று இழுத்தார். நாற்பத்து மூன்று தடவை அந்தக் காலை அவர் இழுத்து வெளியே போட முடியாது. அதை நினைத்துக்கொண்டு என்னால் கடையில் உட்காரவும் முடியாது.

சுவிட்சைத் தறிக்குப் பக்கத்தில் மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தெருவில் எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பக்கத்துச் சுவர் மாமியாருடையது. அதில்தான் சாமி படங்கள் வரிசையாக இருந்தன. சாமி தலைமேல் ஒயர் போகக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. தரையில் ஒயர் விட்டால் மிதிபடும், குழியில் விட்டால் ஈரம். கம்பி இல்லாமல்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

வழியைக் காட்டியது டிவி. எங்கள் வீட்டுக்கு ரிமோட் வைத்த டிவி வந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. அதன் ரிமோட் மாமியார் கையைவிட்டு இறங்காது. அந்த ரிமோட்டிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை மூன்று கால் உள்ள ஒரு கறுப்புக் கண் வாங்கிக்கொள்ளும் என்றும், அதை ஒரு ரிலே சுவிட்சோடு சேர்த்தால் எந்த விளக்கையும் போடலாம், நிறுத்தலாம் என்றும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். பரணிலிருந்து சால்டரிங் அயர்னை இறக்கினேன். பழைய ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடித்து அவர் மடியில் வைத்தேன். பட்டனை அழுத்தினார். தலைக்கு மேல் "டக்" என்றது. லைட் எரிந்தது.

"அடேங்கப்பா" என்றார். எட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் இரண்டு மணிவரை நான் ராணி. இரண்டு மணிக்கு மாமியாருக்கு சீரியல் ஆரம்பித்தது. அந்தக் கறுப்புக் கண்ணுக்கு எந்த ரிமோட் என்ற பாகுபாடெல்லாம் தெரியாது. மாமியார் சத்தத்தைக் கூட்ட ஆறு தடவை அழுத்தினார். தறி லைட் மூன்று தடவை அணைந்து, மூன்று தடவை எரிந்தது. விளம்பரம் வந்ததும் சேனல் மாற்றினார், லைட் அணைந்தது. திரும்ப வந்தார், எரிந்தது.

"சீரியல்ல எவளோ அழுதா எனக்கு இன்னாத்துக்கு லைட்டு போவுது?" என்று குழிக்குள்ளிருந்து கத்தினார் இவர்.

மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "பாரு, நான்தான் இந்த ஊட்டுக்குக் கரண்டு ஆபீசு" என்று அழுத்திக் காட்டினார். மறுநாளே அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட்டேன். ஆனி பாதி போயிருந்தது.

வெளிச்சத்தில் ஓடும் ரிமோட் சரிப்படாது, ரேடியோ அலையில் ஓடுவது வேண்டும் என்று தீர்மானித்தேன். சுவரைத் தாண்டும், தறிக்கட்டை மறைத்தாலும் போகும். அதற்கான ஐசி சில்லு ஆரணியில் கிடைக்கவில்லை. விடிந்ததும் பஸ் ஏறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் இருந்தவர் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"சார் வரலீங்களா மேடம்?"

"சார் குழியில இருக்காரு. நான்தான் வந்துகிறேன்" என்றேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "எப்போங்க ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கல்லாப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். அது தறிக்குழி என்று விளக்கிச் சொன்னபிறகும் அவர் பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன். அனுப்பும் ஐசி ஒன்று, வாங்கும் ஐசி ஒன்று, இரண்டுக்கும் சின்னச் சின்ன ரேடியோப் பலகைகள், அச்சடித்த ஒரு விவரத்தாள். பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது அவர் குரலில் இன்னும் கொஞ்சம் துக்கம் இருந்தது.

விவரத்தாளை பஸ்ஸிலேயே படித்தேன். என் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ரகம். இரண்டு ஐசியிலும் முதல் எட்டுக் கால்கள் முகவரிக்காம். அதில் சிலவற்றைக் கிரவுண்ட் ஒயரில் சேர்க்கலாம், சிலவற்றைச் சும்மா விடலாம். "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. இது எனக்கு நன்றாகப் புரிந்தது. புடவைக்கு இரண்டு பக்கக் கரையும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? மாதிரிப் படத்தில் ஒன்று, மூன்று, ஆறு ஆகிய கால்களைச் சேர்த்திருந்தார்கள். என் கண்ணுக்கு அது அப்படியே ஒரு அட்டை வரி. ஒன்றில் ஓட்டை, மூன்றில் ஓட்டை, ஆறில் ஓட்டை, மற்றது மூடல். தாளில் எப்படியோ அப்படியே அடித்துவிடுவதுதான் எங்கள் தொழில். மேதாவித்தனம் பண்ணக் கூடாது.

சோப்பு டப்பாவுக்குள் ரிமோட்டை வைத்தேன். இரண்டு பட்டன், சிவப்பு லைட்டுக்கு, பச்சை ஃபேனுக்கு. ஒரு தடவை அழுத்தினால் போடும், மறு தடவை நிறுத்தும். ஒரு நூலில் கட்டித் தறிக்கட்டையில் தொங்கவிட்டேன். ஆடி பிறந்து ஒரு வாரம். அன்றைக்குப் பூராவும் அவர் ஒரு தடவைகூட "இந்தா" சொல்லவில்லை. மாமியார் சீரியல் பார்த்தார், லைட் அசையவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து ஒரு முழு முருங்கைக்கீரைக் கட்டை ஆய்ந்து முடித்தேன். பத்து நாள் இப்படியே போனது. ஆவணிக்கு உடுத்த இரண்டு புடவையை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்தேன்.

தெருவில் விஷயம் பரவாமல் இருக்குமா? முதலில் இடப்பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டிலும் குழித்தறிதான், அவரும் ஒரு ரிமோட்தான். பட்டனை அழுத்திப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எனக்கும் ஒண்ணு செஞ்சி குடும்மா. இதே மாரி. அச்சா இதே மாரி" என்றார். பிறகு வலப்பக்கத்து வீடு. பிறகு எதிர்வீட்டு நயினார் அம்மா. அவர்கள் ஊர்ப்பக்கத்து ஜைனக் குடும்பம், நெல் வியாபாரம், தறி கிடையாது. சாப்பாட்டுக் கூடத்து ஃபேன் சுவிட்ச் எட்டவில்லை என்று கேட்டார்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதென்ன, பெருமை தலைக்கு ஏறியிருந்தது.

எங்கள் ஊரில் "இதே மாதிரி" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு புடவை நன்றாக வந்துவிட்டால் அதே அட்டை வேண்டும் என்று நாலு பேர் கேட்பார்கள். ஓட்டைக்கு ஓட்டை நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஓட்டை மாறினாலும் ஏமாற்று வேலை என்று பெயர் வந்துவிடும். நானும் மூன்று வீட்டுக்கும் ஓட்டைக்கு ஓட்டை நகல் எடுத்தேன். ஒன்று, மூன்று, ஆறு. மூன்று வீட்டிலும் ஒன்று, மூன்று, ஆறு. கை சுத்தமான வேலை. ஆடி கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மூன்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, பாயசம் குடித்துவிட்டு வந்தேன். ஆவணி பிறக்க ஆறு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் இழை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. முப்பது நாற்பது நுனிகள் ஒன்றாகப் பறந்து சிக்கின. ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார். மறுபடி சுற்றியது. குறுக்கு நூல் வைத்த நாடாவை ஓட்டும்போது லைட் அணைந்தது. ஜரிகை வரி தப்பிவிட்டது. அதைப் பார்க்காமல் இரண்டு அங்குலம் நெய்துவிட்டார். பிரித்து எடுக்க அரை நாள். இடப்பக்கத்து அக்கா வந்து, "இன்னாம்மா இது, எங்கூட்டு லைட்டுக்குப் பேய் புடிச்சிகிச்சி" என்றார். வலப்பக்கத்திலும் அதே பேஜார். நான் மூன்று வீட்டுக்கும் ஓடினேன். ஈயப் பொட்டு ஒவ்வொன்றையும் திரும்பப் பற்ற வைத்தேன், ரிலே மாற்றினேன், பேட்டரி மாற்றினேன். மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பழத்துக்கு வந்த கேடுதான் மிச்சம்.

ரிமோட்டை நம்பமுடியாமல் இவர் குழியைவிட்டு ஏறி இறங்கிச் சுவரிலிருந்த சுவிட்சையே போட ஆரம்பித்தார். நான் பக்கத்து வீடுகளில் சால்டரிங் அயர்னோடு இருந்ததால் கூப்பிட ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"உடு. பழையபடி நீயே போட்டுடு. கடைக்காரருக்குச் சொல்லியனுப்பிடு, வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்றார்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாந்தமாகச் சொன்னதால் எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்துபோய்க் கொல்லையில் நின்று அழுதேன். காலுக்காகக் கொஞ்சம், எனக்காக நிறைய. கஞ்சி போட்ட புடவை இரண்டும் கொடியில் விறைப்பாகத் தொங்கின. அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. தறிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, எப்போது என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். காலையெல்லாம் தாறுமாறு. ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபேன் தானாகச் சுற்றியது. அப்போது எனக்குப் பொறி தட்டியது. நேற்றும் ஐந்தரைக்குத்தான். அதற்கு முந்தின நாளும் ஐந்தரைக்குத்தான், இவர் சொன்னார். சரியாகப் பற்றாத ஈயத்துக்கு மணி பார்க்கத் தெரியுமா? ஐந்தரைக்குத் தவறாமல் ஏதாவது செய்கிறவர் இந்தத் தெருவில் யார்?

எதிர்வீடுதான். அவர்கள் பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடும் குடும்பம். இருட்டினபிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார்கள். ஐந்தரைக்கு எழுந்து கைகழுவப் போகும்போது ஃபேனை நிறுத்துவார்கள். அங்கே நின்றால் இங்கே சுற்றுகிறது!

ஓடினேன். நயினார் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சோப்பு டப்பாவை எடுத்துப் பச்சைப் பட்டனை அழுத்தினேன். அவர்கள் ஃபேன் சுற்றியது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"நின்னுபோச்சி!"

மறுபடி அழுத்தினேன்.

"ஓடுது!"

இடப்பக்கத்து வீட்டிலிருந்து அக்கா, "எங்கூட்லயும் ஓடுதும்மா!" என்றார். நான் நடுத்தெருவில் சோப்பு டப்பாவோடு நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விவரத்தாளை மறுபடி எழுத்துக் கூட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இரண்டு பக்கம் என்றால் ரிமோட் ஒரு பக்கம், ரிலேப் பெட்டி ஒரு பக்கம். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். தெருவே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் சொல்லிக்கொண்டேன். இது கரை இல்லை. இது பூவின் உள்ளே வரும் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் தனி அட்டை இருந்தால்தான் பூ விழும். ஒரே அட்டையை நாலு தடவை கோத்தால் நாலு வரியும் ஒன்றாகவே வந்து தொலையும். ஆயிரக்கணக்கான வெவ்வேறு அட்டைகளை அடித்தவள் நான். இந்த நாலுக்குப் போய் ஒரே ஓட்டையை அடித்திருக்கிறேன். என்மேல் எனக்கே வந்த கோபத்துக்கு அளவில்லை. கூடவே சிரிப்பும் வந்தது.

பரணில் பழைய கிராப் தாள் ஒன்று கிடைத்தது. எட்டுக் கட்டமாக நாலு வரி. எங்கள் வீட்டுக்கு ஒன்று, மூன்று, ஆறு அப்படியே இருக்கட்டும். இடப்பக்கத்துக்கு இரண்டு, ஐந்து. வலப்பக்கத்துக்கு நான்கு, ஏழு, எட்டு. எதிர்வீட்டுக்கு ஒன்று, இரண்டு, ஏழு. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, ஒன்றுபோல இன்னொன்று இல்லை என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். இவர் குழியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இன்னா, புது டிசைனா?"

"ஆமாம். இது தெரு டிசைன்."

செவ்வாய்க்கிழமை பூராவும் மூன்று வீட்டிலும் காலைப் பிரித்துக் காலைச் சேர்த்தேன். ஐசியின் காலைச் சொல்கிறேன். புதன்கிழமை காலை சோதனை. நாலு வீட்டு வாசலிலும் ஒவ்வொருத்தர் ரிமோட்டோடு நின்றார்கள். எங்கள் வாசலில் மாமியார்; வேறு யாருக்கும் அந்தப் பதவியைத் தர அவருக்கு இஷ்டமில்லை. நான் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினேன்.

முதலில் எதிர்வீடு. "எங்களுக்கு ஓடுது!" என்றார் நயினார் அம்மா. மற்ற மூன்று வீட்டையும் பார்த்தேன்.

"எங்கூட்ல ஓடல!" என்று கூவினார் இடப்பக்கத்து அக்கா.

"எங்களுதும் ஓடல!" என்றார்கள் வலப்பக்கத்தில்.

"இங்கயும் ஒண்ணும் ஆவல!" என்று குழிக்குள்ளிருந்து இவர் குரல்.

ஓடவில்லை என்பதற்காக ஒரு தெரு அப்படி ஆரவாரம் செய்து நான் பார்த்ததில்லை. இடப்பக்கத்து வீடு அழுத்தியது, மற்றவர்களுக்கு எரியவில்லை. வலப்பக்கத்து வீடு அழுத்தியது, மற்றவர்களுக்கு எரியவில்லை. எரியல, எரியல என்று கைதட்டினார்கள். சைக்கிளில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு போனவர் இறங்கி, "இன்னாங்க, கரண்டு போச்சா?" என்று கேட்டார். கரண்ட் இருக்கிறது, அதற்குத்தான் சந்தோஷம் என்று சொன்னோம். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஆவணி ஒன்று. கஞ்சி போட்ட புடவையில் ஒன்றை உடுத்திக்கொண்டேன். அவர் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார், காலில் வீக்கம் வடிந்திருந்தது. லைட்டை அவரே போட்டார், ஃபேனை அவரே போட்டார். மாமியாருக்குக் கேட்கிற மாதிரி மத்தியானச் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டினேன். ஏதாவது மறந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தேன். "ஜல்தி போ, மொத நாளே லேட்டா போவாத" என்றார் அவர், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டிசைன் கடையில் அட்டை அடிக்கும் மெஷின் அதே ஜன்னலோரம் இருந்தது. விரலுக்கு விரல் ஒரு கட்டை, காலுக்கு ஒரு மிதி. எதிரில் கிராப் தாளை மாட்டினார்கள். மாங்காய்க் கரை, நடுவில் மயில். முதல் பத்து அட்டைக்கு விரல் தடுமாறியது. பதினொன்றாவதிலிருந்து தானாகப் போக ஆரம்பித்தது. வரியைப் படி, விரலை வை, மிதி, அடுத்த வரி. மயிலின் கொண்டை முடிந்து கழுத்துக்கு வந்தேன். கழுத்து முடிந்து தோகைக்கு வந்தேன். பக்கத்தில் அட்டைகள் கணுக்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. யார் அடுக்கினார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை.

"ம்மா" என்றார் முதலாளி.

சட்டென்று எழுந்துவிடப் பார்த்தேன். உடம்பு அப்படிப் பழகியிருந்தது. அவர் கையமர்த்தினார்.

"ஒண்ணுமில்லம்மா. மணி ஒண்ணு ஆவுது. பத்து மணிக்கு உக்காந்தவ, இன்னும் எந்திரிக்கவே இல்லியே. கொஞ்சம் எந்திரிச்சிக் காலை நீட்டிட்டு வாயேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி நேரம். எட்டு வருஷத்தில் நான் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பரவால்லண்ணா" என்றேன். "நான் உக்காந்துகினே இருக்கேன்."